பின்வரிசை மூன்று

ஜூன் 2, திங்கள்

இன்று முதல் எழுத வேண்டும் என்று பெனடிக்ட் சார் சொல்லிவிட்டார். அவர் கிளப்புக்கு செக்ரெட்டரி. இரண்டு நோட்டு கொடுத்தார். சின்ன நோட்டில் அன்றன்றைக்குச் செய்ததைக் கிறுக்கி வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதைப் பார்த்து நம்பர்களை மட்டும் பெரிய நோட்டில் அழகாக ஏற்ற வேண்டுமாம். பெரிய நோட்டை அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். சின்னதை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் இதில் என் இஷ்டத்துக்கு எழுதுவேன். நான் புஷ்பராணி, படித்தது ஆறாவது. தப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மழை முடிகிறவரை கோல்ஃப் மைதானம் மூடல். செப்டம்பர் ஒன்றுதான் திறப்பார்கள். வயசான மெம்பர்களை ஏற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுகிற பேட்டரி வண்டியை அதுவரை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் சீட்டுக்கு அடியில் ஆறு பேட்டரி இருக்கிறது. முன்வரிசை மூன்று, பின்வரிசை மூன்று.

சார் சொன்னது இது: "வண்டி ஓடுச்சுன்னா யோகராஜ் வேலை உனக்குத்தான் புஷ்பா. நீயே ஓட்டு. குவார்ட்டர்ஸ்லயும் நீயே இரு. ஓடலைன்னா கமிட்டி வெளியில இருந்து வண்டியும் டிரைவரும் எடுத்துடும். வீடு அந்த டிரைவருக்குப் போயிடும். அதுக்கு மேல என் கையில எதுவும் இல்ல."

என்னைப்போலக் கிச்சனில் பாத்திரம் கழுவுகிறவளுக்கு வீடு கிடையாது. வண்டிக்காரருக்குத்தான் வீடு. எனக்கும் தெரியும்.

ஏப்ரல் பன்னிரண்டில் இருந்து வண்டி தார்ப்பாய் மூடி ஷெட்டில் நிற்கிறது. அன்றைக்கு ஏழாம் குழி மேட்டில் நின்றுவிட்டதாம். வண்டி ஓட்டிய என் வீட்டுக்காரர்தான் இறங்கித் தள்ளினாராம். மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்கவில்லை.

இந்தச் சனியனை நான் கவனித்துக்கொள்ள வேண்டுமாம்.

ஜூன் 3, செவ்வாய்

தார்ப்பாயை எடுத்தேன். எலி சீட்டு ஓரத்தைக் கடித்து வைத்திருக்கிறது. சார்ஜரைச் செருகினேன். சத்தமே இல்லை. அவர் செருகினால் டக் என்று ஒரு சத்தம் வந்து அப்புறம் கொர்ரென்று ஓடும். எங்கள் வீட்டு அடுப்படி வரை கேட்கும். நான் நாலு தடவை செருகி எடுத்தேன். கெஞ்சாத குறை.

வாட்ச்மேன் போஜண்ணன் பல்ப் எடுத்துவந்து பிளக்கில் வைத்துப் பார்த்தார். எரிந்தது.

"கரண்ட் இருக்கு, சார்ஜர்லயும் கோளாறு தெரியல. அதுக்கு உன்னைப் பிடிக்கல ராணி."

"எனக்கும் அதைப் பிடிக்கல. சரியாப் போச்சு போங்க."

சிரித்துக்கொண்டே பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போனார். உதவி என்றால் இவர்களுக்கு வேடிக்கை பார்ப்பது.

ஜூன் 4, புதன்

பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பொங்கிப் பொங்கி வந்தது. அவர் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். முன்வரிசை எட்டுகிறது. பின்வரிசைக்கு வண்டியின் பின்னால் போய் மண்டிபோட்டு, தலையை உள்ளே விட்டு, கையை நீட்ட வேண்டும். யார் இப்படி ஒரு வண்டியைச் செய்தது? அவனை ஒருநாள் இதில் குனிய வைக்க வேண்டும்.

தேய்த்தும் சார்ஜர் டக் சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

புதன்கிழமை கட்டியிருந்த சேலையைத் துவைத்தேன். முன்பக்கம் முழுக்கப் பொத்தல். பேட்டரி ஆசிட் பட்டது அன்றைக்குத் தெரியவில்லை, துவைத்த பிறகு சல்லடையாகிவிட்டது. இனிமேல் அவருடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

ஜூன் 7, சனி

ஷெட்டை ஒதுங்கவைத்தேன். இந்த மனுஷன் எதையும் தூக்கிப் போட மாட்டார். உடைந்த கோல்ஃப் மட்டை, டப்பா, டியூப். மூலையில் ஒரு நீள மூங்கில். அதன் ஒரு முனையில் தலைகீழாகக் கவிழ்த்த பாட்டில், அதிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று, மறுமுனையில் ஒரு சின்னக் கண்ணாடி. இது எதற்கு? வேலை வெட்டி இல்லாமல் என்னத்தையோ கட்டி விளையாடியிருக்கிறார். பாட்டிலையும் டியூபையும் அவிழ்த்து வைத்துவிட்டு மூங்கிலைத் துணி காயப்போட எடுத்துக்கொண்டேன். மழை நின்றால்தானே காய்வதற்கு.

அவர் எழுதிய பெரிய நோட்டும் கிடைத்தது. சனிக்கிழமைதோறும் அளந்து எழுதியிருக்கிறார். அளக்க ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. மேலே ரப்பர் குமிழ், உள்ளே ஒரு மிதவை. பேட்டரித் தண்ணீரை உறிஞ்சினால் மிதவை நிற்கிற இடத்தில் நம்பர் தெரியும். 1260 என்றால் வயிறு நிறைந்திருக்கிறது. 1150 என்றால் பட்டினி. ஒரு தடவை அவர் காட்டியிருக்கிறார்.

கடைசியாக ஏப்ரல் 5 எழுதியிருக்கிறார். ஆறு பேட்டரியும் 1260. அதற்கு முந்தின சனியும் 1260. ஓரத்தில் சாரின் பச்சை மைக் கையெழுத்து. எப்படித்தான் ஆறையும் ஒரே மாதிரி வைத்திருந்தாரோ. என் கையில் வந்ததும் சார்ஜர்கூடப் பேச மாட்டேன் என்கிறது.

ஜூன் 9, திங்கள்

நானும் அளந்தேன். முன்வரிசை: 1190, 1180, 1190. பின்வரிசையில் குழாயை விட்டு உறிஞ்சினால் காற்றுதான் வருகிறது. குமிழ் கிழிந்துவிட்டது என்று நினைத்து வாளித் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். நன்றாக உறிஞ்சுகிறது.

அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மேட்டுப்பாளையம் பேட்டரிக்கடை கனி பாய் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன்.

"அம்மா, முகம் பார்க்குற சின்னக் கண்ணாடி ஏதாச்சும் இருந்தா மூடியைத் திறந்து உள்ள காட்டிப் பாருங்க. தண்ணிக்குள்ள பிளேட் முழுகியிருக்கா?"

வீட்டுக்காரரின் சவரக் கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன். முன்வரிசையில் தண்ணீர் மினுமினுத்தது. பின்வரிசையில் ஒரு சொட்டு இல்லை. உள்ளே தகடுகள் பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"தண்ணி இல்ல பாய்."

"எத்தனையில?"

"மூணுலயும்."

பாய் உச்சுக் கொட்டினார். அப்புறம், "குழாய்த் தண்ணி எதையும் ஊத்திடாதீங்க" என்றார்.

பக்கத்தில் நின்ற போஜண்ணன், "மழைத் தண்ணி ஊத்தலாமான்னு கேளு, சும்மாதானே கொட்டுது" என்றார்.

"யாரும்மா அது? அவரை முதல்ல ஷெட்டை விட்டு வெளிய அனுப்புங்க!"

ஜூன் 11, புதன்

கோத்தகிரி போய் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிவந்தேன். பஸ்ஸில் ஒரு அம்மா கேட்டாள், "குடிக்கிறதுக்கா?" என்று. ஆமாம், எனக்கு வேறு வேலை இல்லை.

பிளேட் மூழ்குகிற அளவுக்கு மட்டும் ஊற்றச் சொன்னார் பாய். மீதியைச் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்ற வேண்டுமாம். ஒரு பேட்டரிக்கு நாலு வாய். பின்வரிசையில் பன்னிரண்டு வாய். மண்டிபோட்டு, தலையைக் கவிழ்த்து, கேனைத் தூக்கிப் பிடித்து ஊற்றினேன். ஐந்தாவது வாய்க்கே மூச்சு வாங்கிவிட்டது. எழுந்து வெளியே வந்து நின்றேன். எனக்கே இப்படி...

ஜூன் 12, வியாழன்

குடையோடு பெனடிக்ட் சார் வந்தார். என் வீட்டுக்காரர் நோட்டையும் என் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏப்ரல் அஞ்சுல 1260. ஜூன் ஒம்பதுல தண்ணியே இல்ல. ரெண்டு மாசத்துல என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"நான் தொடவே இல்ல சார்."

"அதைத்தான் சொல்றேன். தொட்டிருக்கணும்ல? யோகராஜ் எப்படி வச்சிருந்தாரு பாரு."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, துணி மாற்றி, கிச்சனுக்குத் திரும்பிய பெண்பிள்ளை வந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். டம்ளரில் டீ கொடுத்தேன், சர்க்கரை போடவில்லை. எப்படியும் சாருக்குச் சர்க்கரை வியாதிதான், அதனால் அது பழிவாங்கினதாகாது.

ஜூன் 16, திங்கள்

கனி பாய் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார். வெள்ளைத் தாடி, தலையில் மஃப்ளர், தோளில் ஒரு மூட்டை. வந்ததும், "இந்தக் குளிர்ல மனுஷன் இருப்பானா?" என்றார். அப்புறம் சீட்டைத் தூக்கிவிட்டு ஒரு மணிநேரம் வாயே திறக்கவில்லை.

முதலில் சார்ஜர் சங்கதியைச் சொன்னார். ஆறும் சேர்ந்து ரொம்ப இறங்கிவிட்டால் அந்தச் சார்ஜருக்குப் பேட்டரி இருப்பதே தெரியாதாம். செத்த இடம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுமாம். வேறொரு சின்னச் சார்ஜர் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றி அதில் போட வேண்டும். மெதுவாக, நாள்கணக்கில்.

"முன்னாடி மூணும் பொழச்சிரும். பின்னாடி நாலு, ஆறு, பார்ப்போம். அஞ்சாம் நம்பரு கஷ்டம்மா. ரொம்ப நாளாக் காஞ்சு கெடந்திருக்கு."

"ரெண்டு மாசமா பாய்?"

என்னைப் பார்த்தார். "ரெண்டு மாசத்துல இப்படி ஆகாதும்மா. ஒரு வருஷம். கூடவும் இருக்கும்."

"நோட்டுல 1260 எழுதியிருக்கே."

"நோட்டுல என்ன வேணா எழுதலாம். பிளேட்டு பொய் சொல்லாதும்மா."

கிளம்புகிற நேரம் மேசைமேல் நான் அவிழ்த்து வைத்த பாட்டிலையும் டியூபையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இதோடு ஒரு மூங்கில் இருந்ததா என்று கேட்டார். துணிக்கொடியில் இருந்து எடுத்துவந்து கொடுத்தேன். அதில் பழையபடி கட்டி, வண்டியின் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மூங்கிலை நீட்டினார். டியூப் நேராகப் பின்வரிசை வாய்க்குப் போனது. கண்ணாடியில் உள்ளே தெரிந்தது.

"அடடே. குனியாமப் பின்னாடி தண்ணி விடுறதுக்குச் செஞ்சிருக்காரு. மூளைக்காரரும்மா உங்க வீட்டுக்காரர். ஆனா இது ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்துற டியூபு. சொட்டுச் சொட்டாத்தான் இறங்கும். பன்னெண்டு வாய்க்கும் விடணும்னா ரெண்டு நாள் உக்காரணும்." சிரித்தார். "எங்க கெடச்சுது இது?"

எனக்கு எப்படித் தெரியும். எங்கேயாவது பொறுக்கியிருப்பார் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

துணி காயப்போட வேறு கம்பு வெட்டினேன்.

ஜூன் 19, வியாழன்

ஒன்றாம் நம்பர் சார்ஜில். ஷெட் கதவைத் திறந்தே வைக்க வேண்டும், சார்ஜ் ஏறும்போது வாயு வரும், நெருப்பு ஆகாது என்று பாய் சொல்லியிருக்கிறார். போஜண்ணன் பீடியோடு வந்தார். அங்கேயே நில்லுங்கள் என்று கத்தினேன்.

"ரொம்பத்தான் பண்ற. யோகு இருந்தப்ப உக்காந்து பேசிக்கிட்டே பீடி குடிச்சிருக்கேன்."

"அவரு பேட்டரி பார்த்தாரா, உங்ககிட்ட பேசினாரா?"

"பார்த்தாரு. ஸ்டூல்ல உக்காந்து மணிக்கணக்காப் பார்த்துட்டே இருப்பாரு. ஏன் யோகு இப்படி உக்காந்திருக்கேன்னா, தண்ணி இறங்குதுண்ணா, அப்படிம்பாரு."

ஜூன் 28, சனி

காலையில் இருந்து கரண்ட் இல்லை. மரம் விழுந்துவிட்டதாம். பக்கத்து எஸ்டேட்டுக்கு வந்துவிட்டது, எங்களுக்கு வரவில்லை. முன்வரிசை மூன்றும் முடிந்துவிட்டன: 1255, 1250, 1255. நாலாம் நம்பர் பாதியில் நிற்கிறது. ஈபி ஆபீசுக்குப் போன் போட்டால், "லைன்ல ஆள் இருக்காங்க" என்கிறார்கள். எந்த லைனில்?

கழற்றிய பேட்டரிகளைப் பலகைமேல் வரிசையாக வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் முப்பது கிலோ. போஜண்ணன் ஒருபக்கம், நான் ஒருபக்கம். மேலே ஈரம் தங்கினாலே சார்ஜ் கசியுமாம். இந்தப் பனியில் என் தலைமயிரே காயவில்லை, இதற்குத் தினமும் துடைத்துவிட வேண்டும். பிள்ளை பெற்றவளைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

திருப்பூரில் இருந்து மகள் மேகலா போன் செய்தாள்.

"எதுக்கும்மா அந்த வண்டியோட மல்லுக்கட்டுற? இங்க வந்துரு."

"உங்க வீட்டு ஒரு ரூம்ல நான் எங்க படுக்கறது? உன் மாமியார் கால்மாட்டுலயா?"

"வம்பு பேசாத. சாப்பிட்டியா?"

"பேட்டரி சாப்பிட்டுச்சு."

கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "அப்பா போன வருஷமே எங்கிட்ட சொன்னாரும்மா, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுன்னு. அம்மாகிட்ட சொல்லாத, கத்துவான்னாரு."

நான் எதற்குக் கத்தப்போகிறேன். கரண்ட் வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கரண்ட் வரவில்லை.

ஜூலை 5, சனி

அவர் நோட்டை முதலில் இருந்து பார்த்தேன். ஆரம்பத்தில் நம்பர்கள் கன்னாபின்னா என்று இருக்கின்றன. 1255, 1240, 1265, 1250. ஒரு சனி மாதிரி இன்னொரு சனி இல்லை. ஓரத்தில், "4-க்குத் தண்ணீர் குறைவு", "6 முனை இறுக்கினேன்" என்றெல்லாம் எழுதியிருக்கிறார்.

போன வருஷம் ஜனவரி மூன்றாவது சனியில் இருந்து எல்லாம் 1260. ஆறும் 1260. வாரா வாரம். பதினைந்து மாசம். ஒரு குறிப்பும் இல்லை.

முதலில் நான் இதைத்தான் பெருமையாக நினைத்தேன்.

போன வருஷம் பொங்கல். பானை வாங்கிக்கொண்டு மேலே ஏறி வரும்போது ஐந்து இடத்தில் நின்றார். செருப்பு இறுக்குகிறது என்று வாரை வெட்டிவிட்டார். தலைக்கு இரண்டு தலையணை கேட்டார். வயசு ஐம்பத்தொன்று, அதற்குள் கிழட்டு வேஷமா என்று சிரித்தேன். தண்ணீர்க் குடம் தூக்குவதை விட்டுவிட்டார். சோம்பேறி என்றேன். தினமும்தான் சொன்னேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

மழை. ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 12, சனி

நாலாம் நம்பர் 1130. ஆறாம் நம்பர் 1105. ஐந்து அசையவே இல்லை. சார்ஜரில் போட்டால் சூடு மட்டும் ஏறுகிறது, வேறொன்றும் ஏறவில்லை. பாய் சொன்னபடி சார்ஜ் போட்டு, ஒருநாள் விட்டு, மறுபடி போட்டுப் பார்க்கிறேன். கோபம் வருகிறது. தட்டினால் ஏறுமா என்று ஒரு தட்டுத் தட்டினேன். கைதான் வலித்தது.

ஜூலை 26, சனி

நாலு: 1185. ஆறு: 1170. ஐந்தை எடுத்துவிடுங்கள் என்று முந்தாநாள் போனில் சொன்னார் பாய்.

"புதுசு ஒண்ணு போடலாமா பாய்?"

"அஞ்சு கெழவரோட ஒரு கொமரனைக் கட்டி இழுக்க விட்டா என்ன ஆகும்? ரெண்டு பக்கமும் சீரழிஞ்சிரும். இதே வயசுல ஒண்ணு தேடணும்மா. கோயமுத்தூர்ல ஒரு ஹோட்டல்ல இதே மாதிரி வண்டி கழிச்சுப் போட்டிருக்காங்க. கேட்டுப் பார்க்கறேன்."

ஐந்தாம் நம்பரை வெளியே வைக்கச் சொன்னார். இரண்டு நாளாக வைக்கவில்லை. தடுக்கிக்கொண்டே நடக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

நாலு: 1225. இப்போதுதான் மிதவை மேலே ஏறுகிறது. பார்க்கவே ஆசையாக இருந்தது. ஆறு: 1205.

பெரிய நோட்டில் ஏற்ற உட்கார்ந்தேன். அடுத்த வாரம் சார் பார்ப்பார். நாலுக்கு 1260 என்று போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எப்படியும் அங்கேதானே போய் நிற்கப்போகிறது. 12 வரை எழுதிவிட்டேன். அடுத்து 6 போட வேண்டியதுதான் பாக்கி. எவ்வளவு சுலபமாக இருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை, யாரும் கேட்கப்போவதில்லை, வீடு நிலைக்கும். கை தானாகவே போகிறது.

25 என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கனி பாய் அந்தக் கோயமுத்தூர் ஹோட்டல் பேட்டரியோடு வந்தார். பஸ்ஸில் கண்டக்டர் இதற்கும் டிக்கெட் கேட்டானாம். "ஜன்னல் சீட்டு குடுப்பியான்னு கேட்டேன்" என்றார். அளந்தோம். 1240. ஆறையும் பூட்டினோம். பெரிய சார்ஜரைச் செருகினார்.

டக்.

கொர்ரென்று ஓட ஆரம்பித்தது. நான் வெளியே போய் அடுப்படி வரை நடந்தேன். அங்கேயும் கேட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

பாய் கிளம்பும்போது ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். பின்வரிசை மூன்றும் ஒரு வருஷத்துக்கு மேலாகத் தண்ணீர் இல்லாமல் கெட்டவை, இந்த இரண்டு மாசத்தில் கெட்டவை அல்ல என்று கடை சீல் போட்டு எழுதியிருந்தார்.

"உங்க மேல பழி வரும்போல இருக்கு. வச்சுக்கங்க. குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

குடுத்தால் வீடு எனக்கு. அவர் பொய்யன் என்று கமிட்டியில் பதிந்துபோகும். இருபத்திரண்டு வருஷம் அந்த மைதானத்துக்கு உழைத்தவர். குடுக்காவிட்டால் நான் கெடுத்தவள்.

ஆகஸ்ட் 23, சனி

ஜூன் மாசம் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். தொட்டிருக்கணும் என்று சார் சொன்னதற்குப் பல்லைக் கடித்தேன் என்று எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

போன வருஷம் மாசி மாசம். நான் கிச்சனில் இருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். வாசலில் வந்து நின்றார். கையில் கேன்.

"ராணி, அந்தப் பின்வரிசைக்கு மட்டும் கொஞ்சம் தண்ணி ஊத்திடுறியா? நான் சொல்லித் தர்றேன்."

"உங்க வேலையை நீங்க பாருங்க. எனக்கு இடுப்பு ஒடியுது."

சரி என்றார். அவ்வளவுதான். மறுபடி கேட்கவே இல்லை. நானும் அதற்குப் பிறகு அதை நினைக்கவில்லை.

பன்னிரண்டு வாய். அரைமணிநேர வேலை. இப்போது எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சார் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு பெரிய நோட்டும் இருந்தன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஆரம்பித்தார்.

"வண்டி ஓடுதுன்னு போஜன் சொன்னான். சந்தோஷம். ஆனா கமிட்டி கேக்கும். யோகராஜ் 1260ல விட்டுட்டுப் போன பேட்டரி. உங்கிட்ட வந்து ஒண்ணு செத்துருக்கு, ரெண்டு சாகக் கெடந்து பொழச்சிருக்கு. நாளைக்கு வண்டியை உன்னை நம்பிக் குடுக்கலாமான்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

பாய் கொடுத்த தாள் இடுப்பில் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். படித்தார். மறுபடி படித்தார்.

"அப்படின்னா இந்த 1260?"

"அளக்காம எழுதினது சார்."

"யோகராஜா?"

"ஆமா சார். போன வருஷம் ஜனவரியில இருந்து அவரால குனிய முடியல. பின்னாடி மூணையும் பார்க்க முடியல. உக்காந்துக்கிட்டே ஊத்துறதுக்கு ஒரு கம்பு செஞ்சு பார்த்திருக்காரு, அதுல இறங்கல. எங்கேயோ போய் டிரிப்ஸ் எல்லாம் ஏத்தியிருக்காரு. எனக்கே தெரியாது."

"சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன புலியா?"

"சொன்னா வண்டியை வேற ஆளுக்குக் குடுப்பீங்க. வீடு போயிடும்."

சார் நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமும் 1260. ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் அவருடைய பச்சை மைக் கையெழுத்து. பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். நான் எதுவும் சுட்டிக்காட்டவில்லை. போன வருஷ ஜனவரி வந்ததும் நிறுத்தினார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"வாரா வாரம் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"ஆமா சார்."

"ஒரே நம்பர்."

"ஆமா சார்."

வெளியே மழை விட்டிருந்தது. புல்வெட்டுகிற சத்தம் கேட்டது. மீதி இருந்ததையும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாமல் அவரை மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போக முடியவில்லை.

"அவரு எங்கிட்ட ஒருதரம் கேட்டாரு சார், நீ ஊத்துறியான்னு. நான் மாட்டேன்னுட்டேன். ஒரே வீட்டுல இருந்தேன். நானும் பார்க்கல."

சார் பாயின் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இது கமிட்டிக்கு வேணாம். செக்ரெட்டரி சரியாப் பார்க்கலைன்னு நான் சொல்லிக்கறேன், அதுவும் பொய் இல்ல." அப்புறம் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "டிசம்பர் வரைக்கும் ஓட்டு. வீட்டுல இரு. அப்புறம் பேசுவோம். ஆனா ஒண்ணு, இனிமே அடுத்தடுத்து ரெண்டு வாரம் ஒரே நம்பர் இருந்தா நானே வந்து குனிஞ்சு பார்ப்பேன்."

"காக்கிச் சட்டை போட்டுட்டு வாங்க சார். வேட்டி பொத்தலாயிடும்."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாளைக்குத் திறக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார் சார். என் வீட்டுக்காரர் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது எப்போதோ ஒரு லீவு நாளில். காலை அழுத்தினால் போகும், எடுத்தால் நிற்கும். பக்கத்தில் போஜண்ணன் பீடி இல்லாமல் உட்கார்ந்துகொண்டார்.

ஆறாம் குழி தாண்டியதும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். ஏழாம் குழி மேடு வந்தது. சத்தம் கொஞ்சம் கனத்தது. வேகம் குறைந்தது.

"நிக்குது ராணி, இறங்கித் தள்ளட்டுமா?"

"இறங்காதீங்க!"

நான் போட்ட கத்தலில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி நிற்கவில்லை. மெதுவாக, முனகிக்கொண்டே ஏறிவிட்டது. மேலே போய் நான்தான் காலை எடுத்தேன். கொஞ்ச நேரம் அங்கே நின்றோம்.

திரும்பிவந்து, வண்டி ஆறியதும் பின்னால் போய் மண்டிபோட்டு அளந்தேன். இனி என் வீட்டுக்காரரின் பெரிய நோட்டிலேயே, அவர் கடைசியாக எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுதலாம் என்று சார் சொல்லியிருந்தார்.

1 – 1245
2 – 1235
3 – 1245
4 – 1220
5 – 1230 (இது வேற பேட்டரி)
6 – 1205, தண்ணீர் ஊற்றினேன்

அளந்தது: யோ. புஷ்பராணி